கழிமுகத்துப் பிளாஸ்டிக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊருக்குப் போனாலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷமோ பள்ளிக்கூட விழாவோ, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதே பேச்சை ஆரம்பித்துவிடுகிறார்: "ஆத்து வாயில கெடக்குற பிளாஸ்டிக்குக்கும் மாத்திரை கேக்காத காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்காமே சார்?" இருக்கிறது. ஆனால் பேப்பரில் ஒரு வரியில் போடுகிற மாதிரி அவ்வளவு நேரான சம்பந்தம் இல்லை. பந்தியிலும் பஸ்ஸிலும் அரைகுறையாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் உயிரில்லாத பொருள். கிருமிக்கு அதனிடம் என்ன வேலை?

நாலு நாள் தண்ணீரில் கிடந்த வலை மிதவையை எடுத்துக் கையால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கு இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் குடியிருக்கின்றன. நுண்ணுயிர்ப் படலம் என்று இதைச் சொல்கிறோம். கல்லிலும் மரத்திலும் வத்தை என்கிற படகின் அடிப்பலகையிலும்கூட இது படியும். பிளாஸ்டிக் மட்டும் எப்படித் தப்பிக்கும்?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2004ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவியது. 2013ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அட்லாண்டிக் கடலில் மிதந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். சுற்றியிருந்த கடல் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, துண்டின் மேல் வாழும் கூட்டம் வேறு என்று தெரிந்தது. ஒரு துண்டில் விப்ரியோ இனம் மிகுந்திருந்தது. காலராக் கிருமியும் இந்தக் குடும்பம்தான். எல்லா விப்ரியோவும் நோய் தராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த கேள்வி "அப்ப கடல்ல காலராவா?" என்று வரும்.

மருந்துக்கு அடங்காத கிருமி என்றால், நம் உடம்பு மருந்துக்குப் பழகிப்போவதா?

இல்லை. படித்தவர்களும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழகுவது கிருமி. பத்து வருடமாக நீங்கள் ஒரு மாத்திரைகூடப் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தொற்றிய கிருமி எங்கோ யாரிடமோ அந்த மருந்தைப் பார்த்துத் தப்பி வந்ததாக இருந்தால், மருந்து உங்களுக்கும் கேட்காது.

கிருமிக்கு இந்தத் திறமை இரண்டு வழியில் வரும். தன் மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் நேர்வது ஒன்று. பக்கத்துக் கிருமியிடமிருந்து ரெடிமேடாக வாங்கிக்கொள்வது இன்னொன்று. பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு பாக்டீரியா இன்னொன்றை ஒட்டிக்கொண்டு அதில் ஒரு நகலைக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. சாக்கடையில் வந்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கடலில் பிறந்த விப்ரியோவுக்குக் கொடுக்க முடியும்.

பாக்டீரியா மருந்துக்கு அடங்காததே நேரடிக் காரணமாக 2019ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு.

சரி, பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தால் மட்டும் எதிர்ப்பு மரபணு ஏன் அதிகமாகக் கைமாறுகிறது?

தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும் இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்வது அபூர்வம். அவற்றின் அளவுக்குப் பார்த்தால் அவை ஆளுக்கொரு தீவில் இருக்கின்றன. படலத்துக்குள் அப்படி இல்லை. ராமேஸ்வரத்தில் தை அமாவாசைக் கூட்டம் மாதிரி தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கின்றன. கொடுக்கல் வாங்கல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜெர்மனியில் ஸ்டெக்லின் ஏரி நீரை வைத்துச் செய்த சோதனையில், துகள்களின் மேல் இருந்த பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை வாங்கிக்கொள்வது, தண்ணீரில் மிதந்தவற்றைவிடத் தெளிவாக அதிகம் என்று 2018ல் காட்டினார்கள்.

நெருக்கம் மட்டும் காரணம் இல்லை. வெயிலிலும் உப்பிலும் கிடந்து விரிசல் விட்ட பழைய பிளாஸ்டிக், தண்ணீரில் மிகக் குறைவாகக் கரைந்திருக்கும் மருந்துகளையும் ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களையும் தன் மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். பல கிருமிகளில் உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உலோகத்துக்காக ஒன்றைக் காப்பாற்றி வைத்தால் மற்றதும் கூடவே பிழைத்துக்கொள்கிறது. அதாவது தண்ணீரில் மருந்தே இல்லாத இடத்திலும் மருந்து எதிர்ப்பு நிலைத்திருக்க வழி உண்டு.

2025ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஈ.கோலையை நுண்பிளாஸ்டிக்கோடு சேர்த்து வளர்த்து, ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நாலு மருந்துகளை வைத்துப் பார்த்தார்கள். துகளோடு வளர்ந்தவை பத்தே நாளில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போயின. ஆய்வகச் சோதனைதான், கடலில் நடந்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. சோதித்த பிளாஸ்டிக்குகளில் பாலிஸ்டைரீன்தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. பாலிஸ்டைரீன் என்றால் நம் தெர்மாகோல். பாம்பன், மண்டபம் பக்கம் தெர்மாகோலில் கட்டிய சின்ன மிதவையில் ஒற்றை ஆளாகப் போய் மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது உடைந்து வெள்ளை முத்து முத்தாகக் கரை நெடுக ஒதுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். (2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் விரித்ததையும், காற்று அதைச் சிறிது நேரத்திலேயே கரைக்குத் தள்ளிவிட்டதையும் நாடே பேசிச் சிரித்தது. அதே தெர்மாகோல் நம் கரையில் நொறுங்கிக் கிடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

பிளாஸ்டிக் ஆற்றிலும் இருக்கிறது, கடலிலும் இருக்கிறது. கழிமுகத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

எல்லாம் வந்து சேர்ந்து நிற்கிற இடம் அது. அதுவும் நம் கழிமுகங்கள் எந்நேரமும் ஓடுகிறவை இல்லை.

வைகையை எடுத்துக்கொள்ளுங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைந்து, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் நீரிணையில் விழுகிறது. அந்த மிச்சம் வருகிற வருடங்கள் குறைவு. தெற்கே மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேரும் குண்டாறும் அப்படித்தான். வருடத்தில் பெரும்பகுதி மேலிருந்து தண்ணீர் வராது. அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்துவிடும், இல்லையென்றால் குறுக்கிவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் சுண்டி, சித்திரை வைகாசியில் கடலைவிட உப்பாகக்கூட ஆகிவிடும்.

அப்புறம் ஐப்பசி கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு நல்ல மழை அடித்தால் போதும், ஓடை, கண்மாய், கால்வாய் எல்லாவற்றிலும் பத்து மாதமாகக் கிடந்த பை, பாக்கெட், சாக்கடைத் தண்ணீர், செப்டிக் டேங்க் கசிவு அத்தனையும் ஒரே வாரத்தில் முகத்துவாரத்துக்கு வந்துவிடும். ஆற்றுக் கிருமியும் கடல் கிருமியும் அங்கேதான் முகத்துக்கு முகம் பார்க்கின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் மிதக்கும் தூசு துகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். கழிமுகச் சேறு உண்டாவதே அப்படித்தான். பிளாஸ்டிக் துகளும் அந்தச் சேற்றோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

குடலில் வாழும் கிருமி உப்புத் தண்ணீரில் விழுந்தால் பொதுவாக ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது. கடல் நமக்குச் செய்துவந்த பெரிய உபகாரம் அது. ஆனால் படலத்தின் பசைக்குள் பதுங்கியிருந்தால் உப்பும் வெயிலும் அவ்வளவாகத் தொடாது, கூடுதல் நாள் பிழைக்கும். அந்தக் கூடுதல் நாட்களில்தான் கைமாறல் நடக்கிறது.

பாக் நீரிணைப் பக்கம் இன்னொரு சங்கடம். ஆழம் குறைந்த, ஏற்றவற்றம் குறைந்த அமைதியான கடல். தென்கடல் என்கிற மன்னார் வளைகுடா மாதிரி அலை அடித்து அலசிக்கொண்டு போகாது. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கரையோரம் நடந்தவர்களுக்கு அந்தச் சேறும் நாற்றமும் தெரியும். காரங்காட்டு அலையாத்தி வேர்களில் பை சுற்றிக் கிடப்பதைப் படகில் போகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். வேருக்கு அடியில் சேற்றில் இருக்கும் துகள் போட்டோவில் விழாது.

எங்கள் பக்கம் மருந்துத் தொழிற்சாலையே கிடையாது. ஆன்டிபயாடிக் எங்கிருந்து தண்ணீருக்கு வருகிறது?

நம் வயிற்றிலிருந்துதான். அமாக்சிசிலின் மாத்திரை போட்டால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் சில மணி நேரத்துக்குள் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியே வந்துவிடும். அது கழிவறை, தொட்டி, தொட்டியை உறிஞ்சும் லாரி, லாரி ராத்திரியில் திறந்துவிடும் ஓடை என்று பயணம் போகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மார்கழிப் பனியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு லாரி விளக்கை அணைத்துவிட்டு ஓடைக்குள் குழாயை விட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு டிரைவர் நிதானமாகச் சொன்னார்: "வேற எங்க கொண்டுபோய் ஊத்தச் சொல்றீங்க?" என்னிடம் பதில் இல்லை.

ஊர்க் கழிவோடு மதுரையிலிருந்து வைகையில் கலப்பது, ராமேஸ்வரத்துக்கு வரும் லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் விட்டுப்போவது, ஆஸ்பத்திரிக் கழிவுநீர், கோழிப்பண்ணை எரு எல்லாம் சேர்கின்றன. ஆஸ்பத்திரித் தண்ணீர் அளவில் கொஞ்சம்தான். ஆனால் வீட்டில் பார்க்காத கடைசிக்கட்ட மருந்துகளும் அவற்றுக்கும் அடங்காத கிருமிகளும் அதில்தான் இருக்கும்.

கடல் பெரியது, கரைந்துபோய்விடாதா என்று கேட்பார்கள். கிருமியைக் கொல்லத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்கு மருந்து இருந்தாலே, அடங்காத கிருமிக்கு அடங்கும் கிருமியைவிடக் கை ஓங்கிவிடும் என்று 2011லேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கரைந்துபோவதும் இல்லாமல்போவதும் ஒன்றில்லை.

அப்படியென்றால் பிளாஸ்டிக்கை ஒழித்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது. மேடையில் இதைச் சொன்னால் ஏற்பாட்டாளர் முகம் வாடிவிடுகிறது.

பிளாஸ்டிக் வருவதற்குக் கோடி வருடம் முன்பே கடல் கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருந்தது. நண்டு ஓடும் இறால் ஓடும் கைட்டின் என்ற பொருளால் ஆனவை. காலராக் கிருமி அந்த ஓட்டில் ஒட்டிக்கொண்டால், சுற்றிக் கிடக்கும் அந்நிய மரபணுத் துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறமை அதற்குத் தானாகவே வந்துவிடுகிறது என்று 2005ல் கண்டுபிடித்தார்கள். மீன் இறங்குதளத்தில் நாம் மிதித்துப்போகும் இறால் தோலில் நடக்கிற விஷயம் இது.

நம் பக்கத்துக் கதை இன்னொன்று. 1992 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஒரு புதுவிதக் காலரா கிளம்பியது. ஓ139 என்று பெயர். அந்தச் சமயம் சென்னையில் எடுத்த கிருமியை ஆராய்ந்தபோது, பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே கட்டாகச் சுமந்துகொண்டு கிருமி விட்டுக் கிருமி தாவும் ஒரு மரபணு மூட்டை கிடைத்தது. எஸ்எக்ஸ்டி என்று பெயர் வைத்தார்கள். அப்போது நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை.

அதே மாதிரி, பிளாஸ்டிக்கையும் மரத்துண்டையும் மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பிளாஸ்டிக்கில் எதிர்ப்பு மரபணுக்கள் தெளிவாக அதிகம். சிலவற்றில் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் கவலை? மரம் மக்கிவிடும், நண்டு ஓட்டைப் பாக்டீரியாவே தின்றுவிடும். பிளாஸ்டிக் பல பத்தாண்டு கிடக்கும், மிதக்கும், நீரோட்டத்தோடு வெகுதூரம் போகும். பாசி படிந்த துகளை மீன் இரை என்று நினைத்து விழுங்கும்.

என் கணிப்பு இது: பிளாஸ்டிக் வத்தை மாதிரி. அதில் ஏறி வருகிற ஆள் சாக்கடையிலிருந்து வருகிறான். வத்தையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஆள் வேறு வழியில் வந்துகொண்டுதான் இருப்பான். கழிவுநீரைக் கட்டுப்படுத்தாமல் கடற்கரையில் பை பொறுக்கினால் கரை அழகாகும், கிருமி குறையாது.

மீன், நண்டு சாப்பிடலாமா வேண்டாமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தாராளமாகச் சாப்பிடுங்கள். நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி செத்துப்போகும். மருந்துக்கு அடங்காத கிருமி என்பதால் நெருப்புக்கும் அடங்காது என்று அர்த்தமில்லை. பயப்பட வேண்டிய இடம் குழம்புச் சட்டி இல்லை, அரிவாள்மனை. மீன் கழுவிய கையாலேயே தேங்காய் துருவுவது, மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்குவது, இதில்தான் பச்சைக் கிருமி வாய்க்குப் போகிறது.

குடலை எடுத்துவிட்டால் மீன் விழுங்கிய துகளில் பெரும்பகுதி போய்விடும். கழிமுகத்து மடவை சேற்றைத் துழாவித் தின்னும் மீன், அதன் குடலைச் சுத்தமாக எடுங்கள். மட்டி, சிப்பி, சென்னாகூனி போன்றவற்றை முழுசாகச் சாப்பிடுகிறோம். தண்ணீரை வடிகட்டித் தின்னும் மட்டி, தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாக்கடை விழும் வாய்ப் பக்கம் எடுத்த மட்டியை நான் சாப்பிட மாட்டேன். அரைவேக்காட்டில் எந்த மட்டியும் வேண்டாம்.

வாலிநோக்கம் உப்பில் கிருமி இருக்குமா?

உப்பில் நுண்பிளாஸ்டிக் உண்டு. 2018ல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் இந்திய உப்பு பிராண்டுகளைச் சோதித்து இதைச் சொன்னார்கள். ஆனால் உப்பு விளையும் அளவுக்குச் சுண்டிய தண்ணீரில் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் தாங்காது. உப்பைப் பற்றிய கவலையைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

நாங்கள் கடல்பாசி எடுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிறவர்கள். எங்களுக்கு என்ன ஆபத்து?

பாரதிநகர்ப் பக்கம் ஒரு அக்கா கேட்டது. இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கிலாந்தில் அலைச்சறுக்கு விளையாடும் 143 பேரையும் அதிகம் கடலில் இறங்காத 130 பேரையும் சோதித்தார்கள். 2018ல் வந்த முடிவு: அடங்காத ஈ.கோலை வயிற்றில் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 9 சதவீதம், இரண்டாவதில் 3 சதவீதம். காரணம், அவர்கள் கடல் தண்ணீரை நிறைய விழுங்குகிறார்கள். அது பொழுதுபோக்கு. உங்களுக்கு அது பிழைப்பு, நாளுக்குப் பல மணி நேரம். வயிற்றில் இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. பின்னால் ஒரு ஆபரேஷனோ சிறுநீர்த் தொற்றோ வரும்போதுதான் அது தலைகாட்டும்.

உடனடி ஆபத்து காயத்தில் இருக்கிறது. பாறையிலும் சிப்பியிலும் கை கால் கிழிந்தால் கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். சில விப்ரியோ வகைகள் காயத்தின் வழியாக இறங்கினால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும், சர்க்கரை வியாதியும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. காயத்தைச் சுற்றி வீக்கம் பரவினால், தாங்க முடியாத வலி இருந்தால், கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "இது கடல் தண்ணியில பட்ட காயம்" என்று சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் மருந்தே வேறு. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்பது மட்டும் கூடவே கூடாது.

பெரிய மழைக்குப் பிறகு நாலைந்து நாள் ஆற்று வாய்ப் பக்கம் இறங்காமல் வேறு இடம் பார்க்க முடிந்தால் நல்லது. கூலி போகுமே என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்னி தீர்த்தத்தில் முங்கலாமா?

முங்குங்கள், வாயை மூடிக்கொண்டு. உடுத்தி வந்த துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாலியெஸ்டர் சேலையும் பிளாஸ்டிக்தான், நூல் நூலாகப் பிரியும்.

இறால் பண்ணைக்காரர்கள் மேல்தான் எல்லோரும் பழி போடுகிறார்கள். நியாயமா?

பாதி நியாயம். 2009ல் வனாமி இறால் இந்தியாவுக்குள் வந்தபிறகு பண்ணைகள் பெருகின. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் சரக்கில் அதன் சுவடு தெரிந்தால் கன்டெய்னரோடு திரும்பி வரும். அந்தப் பயத்தால் ஏற்றுமதிக்கு வளர்ப்பவர்கள் இதில் பலரும் நினைப்பதைவிட ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். 2019ல் கொலிஸ்டினையும் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் மீன், இறாலுக்கும் கொடுக்க இந்தியா தடை போட்டது. மனிதர்களுக்கு அது கடைசிக்கட்ட மருந்து.

மருந்து போடத் தோன்றும் பண்ணைக்காரருக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. இஎச்பி என்கிற, இறாலை வளரவிடாமல் செய்யும் நோய் பூஞ்சை வகை ஒட்டுண்ணியால் வருவது. இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் ஒரு துளியும் உதவாது. குஞ்சு விட்ட முதல் மாதத்தில் கொத்தாகச் சாகடிக்கும் ஈஎம்எஸ் நோய் மட்டும் விப்ரியோவால் வருகிறது. அதன் நஞ்சுக்கான மரபணுவே ஒரு பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது. நோய் வந்த குளத்துத் தண்ணீரைக் குளோரின் போட்டுத் தேக்கி வைக்காமல் ஓடையில் திறந்துவிட்டால், அது முகத்துவாரத்துக்குப் போய், பக்கத்துப் பண்ணை தண்ணீர் இறைக்கும் குழாய் வழியாக உள்ளே வரும். கிழிந்த விரிப்புத் தார்ப்பாய், தீவனச் சாக்கு, பழைய குழாய் எல்லாம் கரை மேட்டில் கிடந்து நொறுங்குவதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய வலையை என்ன செய்வது?

கடலில் வெட்டி விடாதீர்கள், கரையில் எரிக்காதீர்கள். தங்கூசி வலையும் நைலான் கயிறும் வெயிலில் உதிர்ந்து நூலாகப் போகும் முன்பே பழைய சாமான் எடுப்பவரிடம் எடைக்குப் போடுங்கள். உடைந்த தெர்மாகோலைத்தான் யாரும் எடுப்பதில்லை. அதைத் தார்ப்பாயில் இறுகச் சுற்றித் தைத்துப் பயன்படுத்தினால் முத்து உதிர்வதாவது குறையும்.

2019லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதே, மஞ்சப்பை வந்துவிட்டதே?

வந்தது. மீன் மார்க்கெட்டுக்கு மஞ்சப்பையோடு போய், அதற்குள் மீனைப் பாலித்தீன் பையில் கட்டி வாங்கி வருகிறோம். தூக்குச்சட்டி எடுத்துப் போங்கள்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதுமா?

பெரிய உதவி. ஒழுங்காக ஓடும் நிலையம் நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், கிருமியையும் வெகுவாகக் குறைக்கும். ஆனால் பிடித்தது எல்லாம் அடிக் கசடில் இருக்கிறது. அந்தக் கசடை எரு என்று வயலில் போட்டால் மழைக்கு மறுபடி கண்மாய்க்கு வரும். அதனால் நிலையம் திறக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, கசடு எங்கே போகும் என்பது. லாரிக்காரர் ராத்திரியில் எங்கே ஊற்றுவது என்று என்னைக் கேட்டாரே, அவருக்கும் அங்கே ஒரு தொட்டி வேண்டும், ஊருக்குப் பக்கத்தில், காசு அதிகம் பிடுங்காமல்.

நான் தனியாளாக என்ன செய்ய முடியும்?

சிவப்புக் கோடு போட்ட அட்டையில் வரும் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். சளி, சாதாரணக் காய்ச்சலுக்கு "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள், அவை பெரும்பாலும் வைரஸ். மீந்த மாத்திரையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். செப்டிக் டேங்குக்கு அடித்தளம் பூசியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நம் மணல் பூமியில் பூசாத தொட்டி என்றால் கிணற்றுக்கே போகிறது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நுண்பிளாஸ்டிக்கைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு, பெரிய செலவில்லை. ராமேஸ்வரம் தீவுக் கடற்கரைகளில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை 2018ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளும் பார்க்கட்டும்.

கடல் ஏறி வந்து பாசியும் குச்சியும் ஒதுங்கிய கோட்டில் இரண்டு கை மணல் அள்ளுங்கள். வாளித் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரை கல்லுப்புப் போட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மணலை அதில் கொட்டிக் கிண்டி, அரைமணி நேரம் விடுங்கள். மணல் அடியில் போகும். பை, கயிறு, தெர்மாகோல், நைலான் நூல் மேலே மிதக்கும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் போன்றவை கனம் அதிகம், மூழ்கிவிடும். மிதப்பதை வெள்ளைத் துணியில் வடித்துக் காயவைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பாசியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால், ஆசிரியர் ஊசியைச் சூடாக்கித் தொடட்டும். பிளாஸ்டிக் என்றால் சுருங்கி உருகும். ஆற்று வாய் மணல் ஒரு வாளி, தூரத்துக் கரை மணல் ஒரு வாளி என்று வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் எண்ணச் சொல்லுங்கள்.

கிருமியை மட்டும் வகுப்பறையில் வளர்த்துப் பார்க்க வேண்டாம். கையுறை போட்டு மணல் அள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேர்த்த துகளைத் திரும்பக் கரையிலேயே கொட்டிவிட்டு வந்த ஒரு பள்ளிக்கூடமும் எனக்குத் தெரியும். அதை ஒரு பாட்டிலில் போட்டு மூடி வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடப் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.